பதினொன்றேகால் துளிகள்

லெனின்கிராடில் நான் பார்த்த வேலை, நாயின் எச்சில் துளிகளை எண்ணுவது. ஆய்வுக்கூடத்தின் தரைத்தளத்தில், வெளிச்சத்தம் குறைய மணல் நிரப்பிய தடித்த சுவர்களுக்குள், துமான் என்ற சாம்பல் நிற நாய் வாரில் கட்டுண்டு மேஜைமேல் நிற்கும். அதன் கன்னத்திலிருந்து மெல்லிய குழாய் ஒன்று சுவரைத் துளைத்துக்கொண்டு என் அறைக்கு வரும். துளி விழ விழ நான் கோடு போடுவேன்.

துமானுக்கு இறைச்சித்தூள் கொண்டுவந்தவர் என் கணவர் இன்னகெந்தி. காலை பதினொன்றேகாலுக்கு வருவார். அவருடைய இடது பூட்ஸில் மட்டும் இரும்பு லாடம். அந்தக் காலடி கேட்டதுமே நாய்க்கு எச்சில் ஊறும். நான் எழுந்து உணவுச் சாளரத்தின் தாழ்ப்பாளைத் திறப்பேன். நான்கு வருடம் இப்படியே போனது. அந்த மார்ச்சில் டைஃபஸ் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. கோடையில் அவருடைய பூட்ஸைச் சந்தையில் கொடுத்து உருளைக்கிழங்கு வாங்கினேன். துமானுக்கு மத்தியானம் மணியடித்து வேறொருவர் தூள் வைக்கத் தொடங்கினார்.

அக்டோபரில் ஒருநாள், பதினொன்றேகாலுக்கு நான்கு துளி விழுந்தது. யாரும் மணியடிக்கவில்லை. தாழ்வாரத்தில் ஆளே இல்லை. மறுநாள் அதே நேரம், ஆறு துளி.

மேலாளர் ஒசிப் மத்வேயிச் குறிப்பேட்டைப் புரட்டினார். "கிளாவ்தியா பெத்ரோவ்னா, ராத்திரி ஒழுங்கா தூங்குறீங்களா? கோடு சும்மா போட்டுட்டீங்களா என்ன?"

"நீங்களே வந்து உட்காந்து பாருங்க."

மூன்றாம் நாள் அவர் கடிகாரத்தோடு என் அறையின் மூலையில் உட்கார்ந்தார். கண்ணாடித் துவாரம் வழியே துமானைப் பார்த்தேன். அது கதவைப் பார்த்துக் காதை நிமிர்த்தி, வாலை மெல்ல ஆட்டியது. இன்னகெந்தி வந்தால் மட்டும்தான் அப்படி ஆட்டும். குழாயிலிருந்து துளிகள் விழுந்தன.

"நான் நாயப் பாக்கத்தான் வந்தேன்," என்றார் ஒசிப் மத்வேயிச், குரலைத் தாழ்த்தி. "கீழ பாருங்க. உங்க கை எங்க இருக்கு?"

நான் நின்றுகொண்டிருந்தேன். என் கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது.

"நான் எதுவும் கேக்கலியே!"

"முதல் துளி விழுறதுக்கு ரெண்டு செகண்ட் முன்னாடியே நீங்க எழுந்துட்டீங்க. நேத்தும் முந்தாநேத்தும் எழுந்திருப்பீங்க. உங்களுக்கே தெரிஞ்சிருக்காது."

வெளியே பனி கொட்டும் பட்டப்பகல். ஆனாலும் அந்த அறையில் தனியாக இருக்க எனக்குத் தைரியம் வரவில்லை. செத்தவர் வந்துபோகிறார் என்றால் கதவைத் திறக்க வேண்டியதுதானே என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

மறுநாள் அந்த நேரத்தில் ஒசிப் மத்வேயிச் தரையில் படுத்து, கீழேயுள்ள கொதிகலனிலிருந்து வரும் வெப்பக் குழாயில் காதை வைத்தார். உடனே எழுந்து, என்னைக் கூட்டிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினார். தினமும் இந்நேரம் கொதிகலனுக்குக் கரி அள்ளும் புது ஆள் யெர்மலாய் அங்கே தள்ளுவண்டியோடு நடந்துகொண்டிருந்தார். டக், டப். டக், டப். இடது பூட்ஸில் லாடம். அந்தச் சத்தம்தான் வெப்பக் குழாய் வழியே மேலே ஏறியிருக்கிறது.

"எங்க வாங்கினீங்க இத?" என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"சந்தையிலம்மா. ஏன், திருட்டு மாலா? சத்தியமா எனக்குத் தெரியாது!"

"இல்ல. என் வீட்டுக்காரரோடது."

யெர்மலாய் சட்டென்று பூட்ஸைக் கழற்றப் போனார். ஒசிப் மத்வேயிச் தடுத்தார். "கழட்டாதீங்க. தினமும் பத்து தடவை நடங்க. அப்போ நாய்க்குச் சாப்பாடு கிடையாது. மறக்குதா பாப்போம்."

அடுத்த வாரம் முழுக்க அந்தக் காலடிக்கு நான் துளி எண்ணினேன். ஒன்பது, ஆறு, ஐந்து, இரண்டு, ஒன்று. ஆறாம் நாள் சைபர். துமான் கொட்டாவி விட்டது. ஒசிப் மத்வேயிச்சின் தாளில் இன்னொரு பத்தி இருந்ததை அன்றுதான் பார்த்தேன். "கி.பெ. எழுந்தார்" என்ற தலைப்பின் கீழ் ஆறு நாளும் ஒரே குறி.

"எனக்கும் ஒரு குழாய் மாட்டிவிடுங்களேன்," என்றேன்.

அவர் முகம் சிவந்தது. தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

புத்தாண்டு விடுமுறை மூன்று வாரம். திரும்பி வந்த முதல் காலை, கீழே யெர்மலாய் வழக்கம்போலக் கரி அள்ளப் போனார். ஏழு துளி விழுந்தது.

"பழக்கம் அழியலை," என்றார் ஒசிப் மத்வேயிச். "அடங்கிக் கிடந்திருக்கு."

நான் நிலவறைக்குப் போனேன். யெர்மலாய் நான் கேட்பதற்கு முன்பே உட்கார்ந்து, அடுப்புக் கம்பியால் லாடத்தை நெம்பி எடுத்தார். "இந்தாங்கம்மா. இனிமே சத்தம் வராது. எனக்கும் இத மாட்டிக்கிட்டு நடக்க ஒரு மாதிரி இருந்துச்சு." இரும்பு கைக்குச் சூடாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் கால்வாயின் பனிக்கட்டி உடைந்த இடத்தில் போட்டுவிட்டேன்.

மறுநாள் பதினொன்றேகாலுக்குத் துமான் வாரில் சாய்ந்து தூங்கியது. குழாய் காய்ந்து கிடந்தது. குறிப்பேட்டில் சைபர் எழுதினேன். எழுதி முடித்தபோதுதான் நான் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது.

ஒசிப் மத்வேயிச் என்னைப் பார்த்தார். தாளை எடுக்கவில்லை. நாற்காலியை எனக்குப் பின்னால் மெல்லத் தள்ளி வைத்துவிட்டு வெளியே போனார்.