ஆறு பென்சில்களும் ஒரு பலகைச் சுவரும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை தானா ராத்தா என்னும் மலையூரின் பஸ் நிலையத்தில், மழைக்கு ஒதுங்கி நின்றபோது பிறந்தது. கைப்பேசியில் ஒரு புதிர் வந்திருந்தது: ஆறு பென்சில்களை அடுக்க வேண்டும், ஒவ்வொன்றும் மற்ற ஐந்தையும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்துக் கடையில் ஆறு ஸ்ட்ரா வாங்கி முயன்றேன். இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டதுதான் மிச்சம். என்னால் முடியாததை ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. எழுதுகிறவர்களுக்கு இது பழகிய வேலை.

2

பனி மூடிய மலைச்சரிவில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தேயிலைச் செடிகள்...

(வேண்டாம். அந்தக் கம்பளத்தை இதுவரை ஆயிரம் பேர் மிதித்துவிட்டார்கள்.)

யோகேஸ்வரி, தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் எடை எழுதுகிறவள். தூறலில் மை கரைந்துவிடும் என்பதால் அங்கே எல்லாம் பென்சில்தான். அதனால் அவள் வீட்டில் பென்சிலுக்குப் பஞ்சமில்லை.*

* முதல் பிரதியில் கேரட்டை வைத்து எழுதினேன். மலைக்குப் பொருத்தமாக இருக்கும் என்று நினைப்பு. அவள் ஒன்றைத் தின்றுவிட்டாள்.

3

புதிரைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கான வாட்சாப் குழுவில் போட்டவள் சசிரேகா. "முடிஞ்சவங்க போட்டோ புடிச்சுப் போடுங்க லா" என்று சவால் வேறு. யோகேஸ்வரிக்கு அவள் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர். இருபது வருடமாக ஒரு வழக்கம் இருந்தது: யார் வீட்டில் முதலில் டீ கொதித்தாலும் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார்கள், மற்றவள் தன் குவளையோடு வந்துவிடுவாள்.

இரண்டு வருடமாகத் தட்டும் இல்லை, பேச்சும் இல்லை. காரணம் கல்யாணப் பத்திரிகை. மகள் கல்யாணத்துக்குச் சசிரேகா எல்லார் வீட்டுக்கும் தாம்பாளத்தோடு போய்ப் பத்திரிகை வைத்தாள். யோகேஸ்வரிக்கு மட்டும் வாட்சாப்பில் அனுப்பினாள். "நம்ம வீட்டுக்கே யாராச்சும் தாம்பாளம் தூக்கிட்டுப் போவாங்களா?" என்பது அவள் நியாயம். "பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கேன், எனக்கு வாட்சாப்பா?" என்பது இவள் நியாயம். யோகேஸ்வரி கல்யாணத்துக்குப் போகவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால் எனக்குத்தான் தலைவலி.

நாளைக் காலை ஏழு மணிக்குச் சாமான் ஏற்ற லோரி வருகிறது. சசிரேகா ஈப்போ நகரத்துக்கு, மகளோடு இருக்கப் போகிறாள். இனித் திரும்பி வரமாட்டாள். பெட்டி கட்டும் சத்தம் பலகை வழியே கேட்கக் கேட்க, யோகேஸ்வரி வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினாள். போய் ஒரு வார்த்தை பேச வேண்டும். ஆனால் யார் முதலில் பேசுவது? (நான் கெஞ்சிப் பார்த்தேன். நான் எழுதிய பெண், நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாள்.) புதிரை முடித்துப் படத்தைக் குழுவில் போட்டுவிட்டால், பேசியது மாதிரியும் ஆகும், பேசாதது மாதிரியும் ஆகும் என்று முடிவு செய்தாள்.

4

சாயங்காலம் ஐந்து மணி. சுவரை ஒட்டிய மேசையில் மூன்று பென்சில்களைக் காக்கைக் கால்போல் முனை சேர்த்து வைத்தாள். அதன்மேல் குறுக்காக இன்னொரு காக்கைக் கால். ஆறும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன! (எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.) கைப்பேசியை எடுக்கக் கையை விட்டாள். உருண்டைப் பென்சில்கள், வீட்டின் தரையோ சரிவு. மேலே இருந்த மூன்றும் உருண்டு ஓடின. மறுபடி வைத்தாள், மறுபடி ஓடின. பிடித்துக்கொள்ள இரண்டு கை வேண்டும், படம் எடுக்க இன்னொரு கை வேண்டும்.

எட்டாவது தடவை பொறுமை போயே போய்விட்டது.

"நிக்க மாட்டியா நீ?" என்று சுவரில் ஓங்கிக் குத்தினாள். ஒன்று. இரண்டு.

ஏன் மூன்றாவது குத்து இல்லை என்று கேட்டேன். அவள் குனிந்து பென்சில் பொறுக்கினாள்.

அந்தப் பக்கம் பெட்டி கட்டும் சத்தம் நின்றது.

5

வாசலில் சசிரேகா. கையில் அவளுடைய குவளை. பாத்திரமெல்லாம் பெட்டிக்குள் போன பிறகும் இதை மட்டும் வெளியே வைத்திருந்திருக்கிறாள்.

"தட்டுனீங்களேக்கா. டீ ஆயிருச்சா?"

அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை. யோகேஸ்வரி அடுப்பைப் பார்த்தாள், குவளையைப் பார்த்தாள்.

முதலில் எழுதிய முடிவில் யோகேஸ்வரி, "நான் ஒன்னக் கூப்புடல" என்றாள். அது உண்மை. எழுதிய எனக்கே அவள்மேல் கோபம் வந்தது, கிழித்துப்போட்டேன். இரண்டாவது முடிவில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு...

(இதையும் விடுங்கள். இவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை.)

மூன்றாவதில் எழுதியது இவ்வளவுதான். சசிரேகா மேசையைப் பார்த்தாள். குவளையைக் கீழே வைத்தாள்.

"நான் புடிச்சுக்கிறேன். நீங்க போட்டோ எடுங்கக்கா."

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். சசிரேகா கையை எடுக்க முடியாது. எடுத்தால் பென்சில் உருண்டுவிடும். படம் எடுத்துவிட்டால் காரியம் முடிந்துவிடும் என்று யோகேஸ்வரி எடுக்காமலே நிற்கிறாள். ஆகவே டீ போடுகிற வேலை உங்களுடையது. டீத்தூள் டப்பா எங்கே என்று மட்டும் சசிரேகாவிடம் கேட்டுவிடாதீர்கள். அவளுக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள்.