பலூன்காரப் பெண்ணுக்குப் பின்னால்

வித்யாவுக்குப் பிழைப்பு, சேலை நெய்யும் ஊரான இளம்பிள்ளையில். அங்கே மொத்த வியாபாரக் கடைகளுக்குப் புடவைப் படம் எடுத்துக் கொடுப்பாள். ஜரிகை பளிச்சென்று தெரிய வேண்டும். கட்டியிருக்கும் பெண்ணுக்குப் பின்னால் இருக்கிற சுவர், ஸ்கூட்டர், குப்பைத் தொட்டி எல்லாம் கரைந்து போய்விட வேண்டும். அதற்கென்றே ஆசைப்பட்டு வாங்கிய லென்ஸ் ஒன்று வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமையானால் அதே லென்ஸோடு தெருவில் இறங்கிவிடுவாள். அங்கேயும் லென்ஸின் துவாரத்தை, அப்பர்ச்சரை, முழுதாகத் திறந்துதான் எடுப்பாள். ஒரே ஒரு முகம். மற்றதெல்லாம் வெறும் வண்ணம்.

கூடப் படம் எடுக்க வரும் சித்தார்த்துக்கு இது பிடிக்காது.

"தெருப் படம்னா அதுல தெரு இருக்கணும் வித்யா. நீ எடுக்கறதப் பாத்தா எந்த ஊருன்னே தெரியல."

"தெருவுல எல்லாமே ஒண்ணாச் சேர்ந்து கத்துது. அதுல ஒரு ஆளையாவது நிறுத்திப் பாக்க வேண்டாமா?" என்பாள் அவள். விளையாட்டாகச் சொன்னதில்லை. உண்மையாகவே அப்படி நம்பினாள்.

ஆடி மாதம் ஆட்டையாம்பட்டி பஸ் நிறுத்தத்தில் அவள் எடுத்த படம் எல்லாருக்கும் பிடித்துப்போனது. பலூன் விற்கும் சிறுமி ஒருத்தி கன்னம் உப்ப ஒரு சிவப்பு பலூனை ஊதிக்கொண்டிருக்கிறாள். இமை மயிர்கூட எண்ணிவிடலாம். அன்றைக்கே இன்ஸ்டாகிராமில் போட்டாள், ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். தை மாதம் அஸ்தம்பட்டியில் ஒரு மண்டபத்தில் நடந்த கண்காட்சியில் அதற்கு முதல் பரிசு. பத்திரிகையிலும் வந்தது.

கண்காட்சியின் கடைசி நாள் ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதை நெருங்கியவள். செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு நேராக அந்தப் படத்தின் முன் போய் நின்றாள். வெகுநேரம் நகரவில்லை.

"ஏனுங்க அம்மிணி, இதை எடுத்தது நீங்களுங்களா?"

"ஆமாங்கக்கா."

"நான் பிரபாங்க. திருச்செங்கோட்டுப் பக்கம். பேப்பர்ல இந்தப் படத்தப் பாத்துட்டு வந்தனுங்க." அவள் விரல் சிறுமியின் மேல் போகவில்லை. படத்தின் வலது ஓரத்தில், நீலமும் பழுப்புமாக நின்ற ஒரு கறையின் மேல் போய் நின்றது. "இது எந்தம்பிங்க. அறிவு."

வித்யா குனிந்து பார்த்தாள். ஆள் என்று சொன்னால் ஆள். தூண் என்று சொன்னால் தூண்.

"இடது கையத் தூக்கிப் பொடனியப் புடிச்சுட்டு நிக்கறான் பாருங்க. சின்னதுல இருந்தே அப்படித்தானுங்க நிப்பான்." அறிவு ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் வேலைக்குப் போய் வடநாட்டில் இரண்டு வருஷம் கிடந்தவன். திரும்பி வந்தபோது புத்தி பிசகியிருந்தது. ஒருநாள் விடியக்காலையில் வீட்டை விட்டுப் போனவன்தான். "இவ்வளவு நாளாத் தேடறனுங்க. கொஞ்சம் தெளிவு பண்ணிக் காட்டுங்க சாமி. அவன்தானான்னு பாத்துக்கறேன்."

வித்யா மடிக்கணினியைத் திறந்தாள். அன்றைக்கு எடுத்த படங்கள் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினாள். பெரிதாக்க ஆக்க அந்த மனிதன் சின்னச் சின்னக் கட்டங்களாக உதிர்ந்தான். ஒரு படத்தில் அவன் கேமராப் பக்கமே நேராகத் திரும்பியிருந்தான். முகம் முழுதாக இருந்தது. ஆனால் தண்ணீரில் விழுந்த முகம் மாதிரி, கண் எங்கே, வாய் எங்கே என்று தெரியவில்லை.

"தெளிவு வராதுங்கக்கா."

"இந்தப் புள்ளைக்கு இமை மசுரு தெரியுதேங்க. இவன் இதுக்குப் பத்தடி தள்ளித்தானுங்க நிக்கறான்?"

"தெரியக்கூடாதுன்னு நான்தாங்க அப்படி வெச்சேன்." சொல்லிவிட்டு வித்யாவால் தலை நிமிர்த்த முடியவில்லை. பிரபாவுக்கு அது விளங்கவில்லை. ஏன் ஒருத்தர் அப்படி வைக்க வேண்டும் என்பதுபோலப் பார்த்தாள்.

அன்றே இருவரும் வித்யாவின் ஸ்கூட்டரில் ஆட்டையாம்பட்டிக்குப் போனார்கள். பிரபா தம்பியின் பழைய படத்தைப் போனில் வைத்திருந்தாள். பஸ் நிறுத்தத்தின் எதிரே இருந்த டீக்கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்துத் தயங்கினார்.

"தாடியும் மீசையுமா ஒருத்தர் இங்கயே கெடந்தாரும்மா. யாருகிட்டயும் கை நீட்ட மாட்டாரு. நான் டீ குடுத்தா வாங்கிக்குவாரு. ஐப்பசி அடமழையில காய்ச்சல்ல விழுந்துட்டாரு. ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினோம். அது வர்றதுக்குள்ள..."

பிரபா போனைத் திரும்ப வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். பிறகு, "ஸ்டேஷன் எங்கீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஸ்டேஷனில் வயதான ஏட்டு ஒருவர் அவர்களை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் தேடி எடுத்தார். யாரும் தேடி வராததால் போலீஸே அடக்கம் பண்ணியிருந்தது. அடையாளத்துக்காகப் பிணவறையில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படம். எல்லாமே தெளிவாக இருந்தது. தாடியின் நரை, உதட்டு வெடிப்பு, பக்கத்தில் தரையின் ஈரம், எல்லாமே.

பிரபா வாய்க்குள் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். வித்யா அவளைத் தோளோடு சேர்த்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோது வித்யா மனசுக்குள் மாதங்களைக் கூட்டிப் பார்த்தாள். படம் எடுத்தது ஆடியில். ஐப்பசி வரைக்கும் அவன் உயிரோடு அங்கேயே இருந்திருக்கிறான். அத்தனை நாளும் அந்தப் படம் ஆயிரக்கணக்கான போன்களில் இருந்திருக்கிறது.

"அம்மிணி," பிரபா கேட்டாள். "நீங்க அன்னைக்கு அவனப் பாத்தீங்கல்ல? எப்படி இருந்தான்? ரொம்ப எளச்சிருந்தானா? மொகம் எப்படி இருந்துச்சு?"

நன்றாகத்தான் இருந்தார், சிரித்துக்கொண்டிருந்தார் என்று சொல்லிவிட்டால் என்ன? சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இவ்வளவும் ஆன பிறகு இல்லாத ஒரு முகத்தையும் செய்து கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"நான் பாக்கலீங்கக்கா. அரை மணி நேரம் அங்கதான் நின்னேன். பாக்கவே இல்லீங்க."

பிரபா மெல்லத் தலையாட்டினாள். கோபம் எதுவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திருச்செங்கோட்டு பஸ்ஸில் ஏற்றிவிடும்போது வித்யா, "அந்தப் படத்தைப் பெருசாப் போட்டுக் கொண்டாந்து தரட்டுங்களா?" என்றாள்.

"வேண்டாங்க. எங்கப்பா கேப்பாரு, மொகம் எங்க இருக்குது ஆத்தான்னு. நான் என்னன்னு சொல்லுவேன்?" ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நீங்க பாத்துப் போங்க, அம்மிணி. பொழுது சாஞ்சுருச்சு."

மறுநாள் மண்டபத்துக்குப் போய் வித்யா படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். இன்ஸ்டாகிராமிலிருந்து அதை எடுக்கப் போனவள், விரல் நிற்க, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எடுத்துவிட்டால் அவன் நின்ற இடமும் இல்லாமல் போகும். வைத்திருந்தாலும் அவன் அங்கே இல்லை. அதற்குக் கீழே அப்போதும் யாரோ ஒருவர், பின்னணி எவ்வளவு அழகு என்று எழுதியிருந்தார்.