சகலையின் படத்தில் மூன்று நான்

வயிற்றெரிச்சலுக்கு மருந்துக்கடையில் மாத்திரை உண்டு. சகலையால் வருகிற வயிற்றெரிச்சலுக்குக் கிடையாது. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

நாற்பது வருஷம் ஸ்டூடியோ வைத்து பாஸ்போர்ட் படம் எடுத்தவன் நான். இரண்டு கோடி முகம் பார்த்திருப்பேன். போகட்டும், ஒன்றரைக் கோடி. சகலை, அதாவது என் மனைவியின் அக்கா புருஷன், இன்சூரன்ஸ் ஆபீசில் ரிட்டையர் ஆன மறுநாள்தான் கேமராவையே தொட்டார். ஆறே மாதத்தில் தெருநாய்கூட அவரைப் பார்த்தால் போஸ் கொடுக்கிறது.

தெருமுனை டான்ஸ் கிளப் முதலாளியம்மா, வாசல் சுவர் முழுக்க ஒரே ஒரு படம் மாட்டப்போவதாகச் சொன்னார். சனிக்கிழமைக் கூட்டம் அதில் அப்படியே தெரிய வேண்டுமாம். போட்டிக்கு நாங்கள் இருவர்.

முதல் சனிக்கிழமை என் முறை. ஃப்ளாஷ் போட்டு ஒரே தட்டு. முன்னால் நின்ற நாலு பேர் மாவில் விழுந்து எழுந்தவர்கள் போல வெளுத்திருந்தார்கள். பின்னால் முந்நூறு பேர் ஆடியதற்குச் சாட்சி, இருட்டில் ஏழெட்டுப் பல்வரிசை.

“அத்தான் ஏதோ எச்.டி.ஆர்.னு சொல்றாரே, அதை நீங்களும் கத்துக்கக் கூடாதா?” என்றாள் மனைவி.

“எனக்கு ஏ.பி.சி.டி. முழுசாவே தெரியும். மூணு எழுத்தை வச்சு அவர் என்ன பண்ணிடுவார்?”

என்ன பண்ணினார் என்பதை அடுத்த சனிக்கிழமை நேரில் பார்த்தேன். மாடிக் கைப்பிடி ஓரம் ட்ரைபாடில் கேமரா. இருட்டாக ஒரு படம், நடுத்தரமாக ஒன்று, வெளுப்பாக ஒன்று. மூன்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்தால் விளக்கும் தெரியும், விளக்கடியில் நிற்பவர் மூக்கும் தெரியும். ஒரே தொல்லை, யாரும் அசையக் கூடாது. அதற்காகப் பாட்டுப் போடுகிறவரிடம் சொல்லிவைத்திருந்தார். திடீரென்று பாட்டு நின்றது. சகலை மைக்கைப் பிடித்தார்.

“எல்லாரும் மூச்சை அடக்கிக்கோங்க! முகத்துல கல்யாணக் களை வரட்டும்!”

அது என் வசனம்! பாஸ்போர்ட்டுக்கு வந்த ஒன்றரைக் கோடி பேரிடமும் நான் சொன்னது! காதில் புகை வந்தது. கிளப்பில் விட்ட புகையில் அது தனியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முந்நூறு பேரும் சிலையானார்கள். ‘படத்தைக் கெடுக்கிறேன் பார்’ என்று நான் மட்டும் கிளம்பினேன். முதல் க்ளிக்குக்கு இடது ஓரத்தில் நின்றேன். சகலை நிதானமாகக் கேமராவைத் திருகுவதற்குள் வியர்வைக் காடு தாண்டி, எட்டுக் கால்களை மிதித்து நடுவுக்கு வந்தேன். மூன்றாவதற்கு வலது ஓரம். ஓட்டப் பந்தயத்தில் என்னைச் சேர்த்திருந்தால் மெடல் நிச்சயம்.

மறுநாள் சகலை வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் முதலாளியம்மா, நான், என் மனைவி. படம் திறந்தது. கூரை விளக்கிலிருந்து கடைசி மூலைக் கண்ணாடித் தம்ளர்வரை பளிச்சென்று தெரிந்தது. நடுநடுவே, கண்ணாடித்தாளில் வரைந்த மாதிரி, உடம்புக்குள்ளேயே பின்னால் நிற்பவர்கள் தெரிய, மூன்று நான்.

“சார், இது யாரு? ஆவியா?” முதலாளியம்மா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“நம்ம சகலைதாம்மா. உயிரோடதான் இருக்கார்” என்று என்னைக் காட்டினார் சகலை. “ஒரு அமுக்கு அமுக்கினா மூணு பேரும் காணாமப் போயிடுவாங்க.”

“ஐயோ, வேணாம் சார்! இவரைத் தேடியே கூட்டம் வரும். இதையே மாட்டறேன்!”

சுவர் சகலைக்குப் போயிற்று. அவர் படத்தை அதில் மாட்டவைத்தவனே நான்தான்! நான் இல்லாத படம் முதலாளியம்மாவுக்கு வேண்டியிருக்காது, அமுக்கச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மனைவி திரையருகே குனிந்தாள்.

நடுவில் இருக்கிற எனக்குச் சரியாகப் பின்னால் யாரோ ஒரு பெண் நின்றிருக்கிறாள். அவளுடைய சுருட்டை முடி என் வழுக்கை வழியாகத் தெரிந்து, எனக்கே முளைத்தது போல நெற்றிவரை வழிந்திருந்தது.

“அடடே, இதுல நீங்க எவ்ளோ நல்லா இருக்கீங்க!” என்றாள்.

நாற்பது வருஷத்தில் நான் எடுத்த எந்தப் படத்துக்கும் அவள் ‘அடடே’ சொன்னதில்லை.

“என்ன சகலை, அழிச்சிடட்டுமா?” சகலையின் விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது.

“தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிடுவேன்” என்றேன். “ஓரத்துல நிக்கிற ரெண்டு பேரை வேணா அழிங்க. அவங்களுக்கு முடி இல்ல.”