ஐந்தாவது இன்னிங்ஸில் வந்த போன்

ஃபெரிமென் பேஸ்பால் அணியின் நூறாவது ஆண்டு விழாவுக்கு வரவே மாட்டேன் என்றுதான் டெல்பர்ட் கிராஸ் சொல்லியிருந்தார். மகள் ஜோலீன்தான் விடாப்பிடியாகக் காரில் ஏற்றிக் கொண்டுவந்தாள். அணியின் வரலாற்றில் மறக்க முடியாத பத்துத் தருணங்களை ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முதலிடம் டெல்பர்ட்டுக்கு. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு செப்டம்பர் மதியம், ஒன்பது இன்னிங்ஸும் அவரே பந்து எறிந்து, எதிரணிக்கு ஒரே ஒரு அடிகூடக் கொடுக்காமல் முடித்த ஆட்டம். இந்த அணியில் வேறு யாரும் இன்றுவரை அதைச் செய்ததில்லை.

டெல்பர்ட்டுக்கு அதில் பெருமையும் இல்லை, துக்கமும் இல்லை. எறிகிற கையின் விரல்கள் மரத்துப்போய் ஏழு வருஷம் ஆகிறது. மனசு அதற்கு ரொம்ப முன்னாலேயே மரத்துவிட்டது. விழா நாளன்று அவருக்கு ஒரே ஒரு கவலைதான், அவர் எறிந்த பந்துகளைப் பிடித்த பழைய கேட்சர் வெண்டல் ஓக்ஸோடு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வீடு போய்ச் சேர வேண்டும்.

"விழாவுல நீங்க எறியற மொதப் பந்தை வெண்டல்தான் பிடிக்கப்போறாராம்ப்பா. அவரே கேட்டு வாங்கினாராம்," என்றாள் ஜோலீன்.

"பிடிக்கட்டும். அதுதானே அவன் வேலை."

"ஒரு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடுவீங்க? வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கார்டு போடறார் மனுஷன்."

"ஹாட் டாக் வாங்கிட்டு வா. கடுகு நிறைய வைக்கச் சொல்லு."

பேஸ்பால்காரர்களிடம் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. பந்து எறிபவன் ஓர் அடிகூடக் கொடுக்காமல் போய்க்கொண்டிருந்தால், அவனிடம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, பக்கத்தில்கூட உட்காரக் கூடாது. பேசினால் ராசி போய்விடுமாம். வக்கீலுக்குப் படித்தவனும் சரி, பாதிரியார் மகனும் சரி, இந்த விஷயத்தில் எல்லாரும் ஒரே கட்சி. அந்தச் செப்டம்பர் ஆட்டத்திலும் டெல்பர்ட் பெஞ்சின் ஒரு கோடியில் தொழுநோயாளி மாதிரி தனியாக உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது இன்னிங்ஸில் அக்கா அணியின் உடைமாற்றும் அறைக்குப் போன் செய்தாள். ஆலையில் அப்பா மயங்கி விழுந்துவிட்டார், மைதானத்துக்குப் பின்னாலேயே இருக்கும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், தம்பியைத்தான் கேட்கிறார் என்று சொன்னாள். முழங்கால் காப்பின் வார் அறுந்துபோய் உள்ளே மாற்ற வந்த வெண்டல்தான் அந்தப் போனை எடுத்தது. எட்டாவது இன்னிங்ஸில் அப்பா போய்விட்டார்.

தலையில் பீரை ஊற்றிக் கூத்தடித்து முடித்த பிறகுதான் டெல்பர்ட்டுக்குச் சேதி வந்தது. "போனை எடுத்தது யாரு?" என்று கேட்டார். "நான்தான்," என்றார் வெண்டல். வேறு ஒன்றுமே சொல்லவில்லை. பேச்சு அத்தோடு நின்றது.

விழாவில் பத்தாவது தருணத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பெரிய திரையில் காட்டிக்கொண்டு வந்தார்கள். டெல்பர்ட்டும் வெண்டலும் மைதானத்து ஓரத்தில் நின்றார்கள். நடுவில் நாலு பேர் நிற்கிற இடைவெளி.

"அடுத்தது முதலிடம், இதுவரைக்கும் யாருமே பார்க்காத படம்," என்றான் ஒலிபெருக்கிக்காரன். "நம்ம ரசிகர் ஒருத்தர் தன்னோட சின்ன கேமராவுல எடுத்தது. பரண்லேருந்து போன மாசம்தான் கிடைச்சுது."

சத்தமில்லாத, கலங்கிய படம். பழைய மரப் பெஞ்சு. கோடியில் இளவயது டெல்பர்ட். உள்ளிருந்து வெண்டல் வெளியே வருகிறார். ஒரு வார் காலில் தொங்குகிறது. நேராக டெல்பர்ட்டிடம் வந்து, குனிந்து, வாயைத் திறக்கிறார். டெல்பர்ட் அவர் முகத்தைப் பார்க்காமலே கையுறையைத் தூக்கி, போ போ என்று விரட்டுகிறார். வெண்டல் நகரவில்லை. மறுபடி வாயைத் திறக்கிறார். இந்த முறை டெல்பர்ட் அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறார். வெண்டல் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மறுகோடிக்குப் போய் உட்கார்கிறார்.

மைதானமே சிரித்தது. "கேட்சரையே விரட்டறார் பாருங்க," என்றான் ஒலிபெருக்கிக்காரன். படத்தை மறுபடி போட்டார்கள்.

அழுகை வரும் என்று டெல்பர்ட் காத்திருந்தார். வரவில்லை. அப்படித் தள்ளியது துளிகூட நினைவில் இல்லை. யார் யாரையோ அன்றைக்கு விரட்டியிருப்பார்.

பந்தைக் கையில் கொடுத்து, பந்து எறிகிற மேட்டில் ஏற்றிவிட்டார்கள். எதிரே வெண்டல், உட்கார முட்டி ஒத்துழைக்காமல், கையுறையை நீட்டியபடி நின்றிருந்தார். டெல்பர்ட் பந்தை எறியவில்லை. மேட்டிலிருந்து இறங்கி அவரிடம் நடந்தே போனார். எறிய முடியாமல்தான் பாவம் கொண்டுபோய்க் கொடுக்கிறார் என்று கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

"ஏன்டா ஒரு தடவைகூடச் சொல்லல?"

"என்னத்தை?"

"நான்தான் தள்ளிவிட்டேன்னு."

"அப்பா செத்த அன்னிக்கு அதை எப்படிடா உன்கிட்ட சொல்றது? அப்புறம் நாளாயிடுச்சு. தள்ளினா என்ன, நான் கத்தியாவது சொல்லியிருக்கணும். ராசி போயிடும்னு நானும்தான் பயந்தேன்."

"இப்ப சொல்லு."

"எதை?"

"அன்னிக்குச் சொல்ல வந்ததை."

வெண்டல் தொப்பியைக் கழற்றினார். "டெல், உங்க அக்கா போன் பண்ணினா. அப்பா ஆஸ்பத்திரியில இருக்காரு. உன்னைத்தான் கேக்கறாராம். ஆட்டத்தை விட்டுட்டு ஓடு."

டெல்பர்ட் இடதுபக்கச் சுவருக்கு மேலே பார்த்தார். அப்போதெல்லாம் மேட்டில் நின்றாலே ஆஸ்பத்திரிப் புகைபோக்கி தெரியும். அதை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டிவிட்டார்கள்.

"நான் போயிருப்பேனாடா?" என்று கேட்டார்.

வெண்டல் கையுறையை விரித்துப் பிடித்தார். டெல்பர்ட் பந்தை அதற்குள் வைத்தார்.