வெனிஸுக்கு ஒரு துணை

வெனிஸில் எனக்கு இரண்டு நாள் கிடைப்பதாக இருந்தது.

முப்பத்து நாலாம் வருஷம். ஜெனீவாவில் பூகோள ஆசிரியர்களுக்கு ஒரு மாநாடு கூட்டியிருந்தார்கள். பசுமலையில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலிருந்து என்னை அனுப்புவதென்று முடிவாயிற்று. பம்பாயில் ஏறுகிற கப்பல் வெனிஸில் இறக்கிவிடும். அங்கிருந்து மற்ற ஊர் ஆசிரியர்களோடு ரயிலில் ஜெனீவா போக வேண்டும். கப்பலுக்கும் ரயிலுக்கும் நடுவே அந்த இரண்டு நாள். மாநாட்டில் என்ன பேசுவது என்று நான் நினைத்ததைவிட, அந்த இரண்டு நாளில் யாரோடும் பேசாமல் இருக்கலாம் என்று நினைத்ததுதான் அதிகம்.

எனக்குப் பேச்சு வராது என்பதில்லை. வகுப்பில் ஓர் ஆற்றின் பெயரைச் சொல்லுவேன். பிறகு அந்த நீலக்கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன். அந்த நேரத்தில்தான் ஆறு எனக்குள் ஓடும். பிள்ளைகள் காத்திருந்து பழகிவிட்டார்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. "என்ன, வாத்தியாருக்கு ஒடம்புக்கு முடியலையா?" என்பார்கள். அப்படி யாரும் கேட்க முடியாத ஊர், யார் என்ன கேட்டாலும் எனக்குப் புரியாத ஊர், இந்த உலகத்தில் ஒன்று இருந்தது. அதன் தெருக்களில் வேறு தண்ணீர் ஓடியது.

நான் போட்டுவைத்த திட்டத்தை என் மனைவி ஜெயக்கொடியிடம் சொன்னேன். முதல் நாள் காலையில் ஒரு கல்படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பது. பிற்பகலில் வேறொரு படி. மறுநாள் ஒரு தேவாலயம், பிறகு மறுபடியும் முதல் படி.

அவள் புளியைக் கரைத்துக்கொண்டே கேட்டாள். "உக்காந்திருக்கவா கப்பல் ஏறிப் போறீங்க?"

"ஆமா."

"நம்ம கெணத்துப் படியில உக்காந்தா ஆகாதா?"

"நீ வந்து கூப்பிட்டுருவ."

"அதுவுஞ்சரிதான்" என்று சிரித்தாள்.

என் மாமனார் விருமாண்டிக்கு வாடிப்பட்டிப் பக்கம் நஞ்சை இருந்தது. விஷயத்தைச் சொல்லிவிட்டு வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தில் வெனிஸின் படம் ஒன்று இருந்தது. அதைக் காட்டினால் நான் பேச வேண்டிய அவசியம் குறையும் என்று கையோடு கொண்டுபோயிருந்தேன்.

ஜெயக்கொடியின் அண்ணன் முத்திருளன் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஊரில் யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பவர் அவர். சண்டை வந்தால் இரு தரப்பையும் பேசிப் பேசியே களைக்க வைத்துவிடுவார். தூக்கத்திலும் பேசுவார் என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறாள்.

"கம்மா ஒடைஞ்சிருச்சுப்பா" என்றார், அப்பாவைப் பார்த்து.

மாமனார் குனிந்து பார்த்தார். "வாசப்படி வரைக்கும் தண்ணி நிக்கிதேடா. எம்புட்டு நாளா நிக்கிதாம் மாப்ள?"

"ஆயிரம் வருஷத்துக்கு மேல" என்றேன்.

"ஆயிரம் வருசமாவா ஒரு பய கரையை அடைக்கல?"

"அது கடல் மாமா. அப்படித்தான் ஊரையே கட்டியிருக்காங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படித்தவனிடம் எதிர்த்துப் பேசக் கூடாது என்கிற பார்வை அது. முத்திருளன் படத்தில் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினார். "இந்தா, இங்கனதான் கரை உள்வாங்கியிருக்கு. முப்பது ஆளு, ரெண்டு வண்டி வைக்கோலு, களிமண்ணு. ஒரு ராத்திரி வேலை. சொல்லுறதுக்கு ஆளில்ல, அம்புட்டுதேன்."

மாமனார் வெற்றிலையை மடித்தபடி அடுத்த கேள்வியைக் கேட்டார். "சரி, கூட யாரு போறது?"

அதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஓர் ஆளைத் தனியாக வெளியூர் அனுப்புகிற வழக்கமில்லை. திண்டுக்கல்லுக்கு மாடு பார்க்கப் போனாலும் இரண்டு பேர். தனியாகப் போனால், போனவனை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவனுக்கு ஒரு துணை அனுப்ப நாதியில்லையா என்று வீட்டைத்தான் கேட்பார்கள். அதிலும் நான் அவர்கள் பெண் கொடுத்த மாப்பிள்ளை.

"நான் போறேன்" என்றார் முத்திருளன். அவர் அதைச் சொன்ன விதத்தில், மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு இப்போதே கிளம்பிவிடுவார் போலிருந்தது. "மாப்ளையத் தனியா விட முடியுமா? மூணாங்கிளாசு டிக்கெட்டு எடுப்பா."

"எடுத்துட்டாப் போச்சு. இந்த போகம் நல்லாத்தானே விளைஞ்சிருக்கு" என்றார் மாமனார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எப்படிச் சொன்னால் மனசு நோகாது என்று நான் யோசித்தேன். நல்ல வாக்கியம் ஒன்று உருவாகிக்கொண்டும் இருந்தது.

"மாப்ள சம்மதிச்சுட்டாரு" என்று சொல்லிவிட்டு மாமனார் எழுந்துபோய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் கல்படியில் என்னால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. கண்ணை மூடினால் தண்ணீர் வரும். உடனே பக்கத்தில் முத்திருளன் வந்து உட்கார்ந்து, அதை எங்கே வெட்டி எந்தப் பக்கம் திருப்பலாம் என்று ஆரம்பிப்பார். அவரிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அப்படி இரண்டு நாள் எனக்கு இனி வாழ்க்கையில் கிடைக்கப்போவதில்லை என்பதும் தெரியும்.

அடுத்த வாரம் அவர் பாஸ்போர்ட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று விசாரிக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் துணிந்து சொன்னேன்.

"மச்சான், அங்க ஒருத்தனுக்கும் தமிழ் தெரியாது. விடிஞ்சதிலேர்ந்து பொழுது அடையுற வரைக்கும் நீங்க யார்கிட்டயும் பேச முடியாது. உங்களால தாங்க முடியாது."

அவர் முகம் சற்று வாடியது. இதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. நான் எனக்குள் மெல்லப் படியில் போய் உட்கார்ந்தேன்.

உள்ளேயிருந்து ஜெயக்கொடி வந்தாள். "இவுகளுக்கு மட்டும் அந்த ஊரு பாஷை தெரியுமாண்ணே? ஒண்ணு செய்ங்க. சனிக்கிழமை ரெண்டு பேரும் மதுரைக்குப் போங்க. அதுதான் அந்த ஊருன்னு வச்சுக்கங்க. ஒரு வார்த்தை பேசக் கூடாது. சாப்பிடணும், ஒரு கோவிலு பாக்கணும், தண்ணியக் கடக்கணும், வீடு வந்து சேரணும். யாரு மொதல்ல வாயத் தொறக்குறாகளோ அவுக தோத்தாக. அண்ணன் தோத்தா இவுக தனியாப் போகட்டும். அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். இவுக தோத்தா அண்ணன் கூடப் போகட்டும்."

முத்திருளன் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "பாலத்து வழியாப் போகலாமா?"

"அந்த ஊருல படகுக்காரனைத்தானே பிடிக்கணும்? வைகையையும் ஆளைப் பிடிச்சுத்தான் கடக்கணும்."

நான் உடனே ஒப்புக்கொண்டேன். பேசாமல் இருப்பதில் என்னோடு முத்திருளன் போட்டி போடுவது! ஜெயக்கொடி எனக்காகத்தான் இந்த வழியைக் கண்டுபிடித்திருக்கிறாள் என்று எண்ணி அன்று அவளுக்குத் தண்ணீர்கூட இறைத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை குதிரை வண்டியில் மதுரைக்குப் போய், தெற்கு மாசி வீதியில் ஒரு பலகாரக் கடையில் நுழைந்தோம். நான் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர் வந்து, "என்ன வேணும்?" என்றார். நான் அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். வாயருகே கையைக் கொண்டுபோனேன். தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுபடி அவர் அந்தப் பக்கம் வந்தபோது எனக்குக் கை தூக்கக் கூச்சமாக இருந்தது. மௌனத்தில் நான் கைதேர்ந்தவன்தான். ஆனால் அதுவரை என் மௌனத்துக்குச் சோறு போட்டது பக்கத்தில் இருந்தவர்களின் பேச்சு என்று அந்த மூலையில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது.

முத்திருளன் உட்காரவேயில்லை. கடையின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் குவித்து ஒரு பானை செய்தார். அதற்கு மூடி போட்டார். மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்ததுபோல் தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

"இட்லி!" என்று ஒரு பெரியவர் கத்தினார், பந்தயத்தில் ஜெயித்தவர்போல.

பிறகு முத்திருளன் சப்புக்கொட்டி, கண்ணில் நீர் வர மூக்கை உறிஞ்சினார். "கார சட்னி" என்றது மொத்தக் கடையும். அவருக்குச் சட்னி இரண்டு முறை வந்தது. பெரியவர் அவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "வாய்தேன் இல்ல. மத்ததெல்லாம் கூடவே குடுத்துருக்கான்" என்று சொல்லி வியந்தார்.

முத்திருளன் தன் இலையை அப்படியே தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, பாதி இட்லியை என் பக்கம் தள்ளினார். நான் பேசாமல் தின்றேன்.

கோவில் வாசலில் பூ விற்கும் ஒச்சாயிக்கு என்னைத் தெரியும். அவள் மகன் என்னிடம் படிக்கிறான். "வாங்க வாத்தியாரே, பூ வாங்கலையா?" என்றாள். நான் தலையசைத்துவிட்டு நின்றேன். "ஏக்கா, வாத்தியாரு பேச மாட்டேங்கிறாரே, என்னமும் வேண்டுதலா?" என்றாள் பக்கத்துப் பூக்காரி.

"அவரு எப்பவும் அப்படித்தேன்" என்றாள் ஒச்சாயி.

வெயில் ஏறியபின் ஆற்றுக்குப் போனோம். பங்குனி மாதம். வைகையில் மணல்தான் இருந்தது. நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் நெளிந்து போனது. அதன் ஓரத்தில் சிலர் துணி வெளுத்துக்கொண்டிருந்தார்கள். கரையில் ஒருவன் மாட்டு வண்டியை நிறுத்தி மாடுகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். கருப்பு என்று அவனை யாரோ கூப்பிட்டார்கள்.

முத்திருளன் அவன் முன்னால் மணலில் உட்கார்ந்து துடுப்புப் போட ஆரம்பித்தார்.

கருப்பு வைக்கோலைக் கீழே போட்டான். "என்னண்ணே, படகா? வைகையிலயா?" துணி வெளுத்தவர்களின் பக்கம் திரும்பி, "ஏய், இங்க வாங்க, ஒரு மனுசன் மணல்ல படகு ஓட்டுறாரு" என்றான். அவர்கள் ஈரக் கையோடு வந்து சுற்றி நின்றார்கள்.

ஆள் சேர்ந்ததும் முத்திருளனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. என்னைக் காட்டினார். ஒரு கப்பலைச் செய்து அதில் என்னை ஏற்றினார். அலை, பிறகு பெரிய அலை. ஓர் ஊரில் இறக்கினார். வீடுகள், முழங்கால் வரை தண்ணீர். அதில் நான் எப்படி இருப்பேன் என்று காட்டினார். முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்து, பலகாரக் கடை மூலையில் நான் இருந்த அதே கோலத்தில் உட்கார்ந்தார். நான் வாய்விட்டுக் கேட்க மாட்டேன். யாரும் கொடுக்க மாட்டார்கள். சூரியன் போனது, வந்தது. நான் மெலிந்தேன். அவர் உட்கார்ந்திருந்த விதம் அப்படியே நான்தான். துணி வெளுத்த பெண்கள் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு அவர் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகுவதுபோல் செய்தார். ஜெயக்கொடி அப்படித்தான் செருகுவாள். நெற்றியில் கையை வைத்து, மணலில் நின்று, வராத ஒருவனை வெகுதூரம் பார்த்தார். அதில் விளையாட்டு இல்லை. பெண்களின் சிரிப்பு நின்றது. அவர் கையை இறக்கவேயில்லை.

அவர் கடல் பார்க்கவோ ஊர் பார்க்கவோ வருகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் கிளம்பியது என்னைத் தன் தங்கையிடம் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்க என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தக் கல்படியை நினைத்துப் பார்த்தேன். அது அகலமானதுதான். இரண்டு பேர் உட்காரலாம்.

"மச்சான், நீங்களும் வாங்க" என்றேன்.

"அட, இவருக்குப் பேச்சு வருது" என்றான் கருப்பு.

முத்திருளன் கையை இறக்கினார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மூடிக்கொண்டார். கருப்பு எங்களை வண்டியில் ஏற்றி, அந்த வாய்க்கால் தண்ணீரில் இறக்கி ஏற்றி, அக்கரை சேர்த்தான். அதுவரைக்கும் அவர் பேசவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"என்ன மச்சான், போட்டிதான் முடிஞ்சு போச்சே. ஏதாச்சும் சொல்லுங்க."

"இம்புட்டு நேரம் அடக்கி வச்சிருக்கேன்ல மாப்ள. எங்கிட்டு இருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல" என்றார்.

ஆரம்பித்தார். பாலத்து வழியாகத் திரும்பிப் பசுமலை வந்து சேரும் வரைக்கும் நிறுத்தவில்லை. வாசலில் நின்ற ஜெயக்கொடி, அண்ணன் குரல் தெருமுனையில் கேட்டதும், "தோத்துட்டியாண்ணே?" என்றாள்.

"மாப்ளதேன் மொதல்ல தொறந்தாரு."

அவள் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் தெரியவில்லை. நான் தண்ணீர் இறைத்துக் கொடுத்தது கொஞ்சம் அவசரமோ என்று தோன்றியது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் எங்கள் இருவரின் சாமான்களையும் ஒரே டிரங்குப் பெட்டியில் அடுக்கினோம். பெட்டி மூடவில்லை. முத்திருளன் மேலே உட்கார்ந்து பார்த்தார். அப்படியும் மூடவில்லை. துணிகளை எடுத்துப் பார்த்தபோது அடியில் கோணியில் சுற்றிய ஏதோ ஒன்று கனமாக இருந்தது. பிரித்தேன். பிடி இல்லாத மண்வெட்டி. புதிதாகத் தீட்டியிருந்தது.

"பிடி அங்கன போயிப் போட்டுக்கிரலாம் மாப்ள. ஆளுக நம்மளக் கேட்டாத்தேன். கேக்கலேன்னா பேசாமத் திருப்பிக் கொண்டாந்துருவோம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்த இரண்டு நாளில் படிப்பதற்கென்று நான் எடுத்துவைத்திருந்த புத்தகங்கள் மேலே இருந்தன. தடித்த இரண்டையும் எடுத்து ஜெயக்கொடியிடம் கொடுத்தேன். மண்வெட்டி தட்டையாகப் படுத்தது. பெட்டி மூடியது.