ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வருகிறவர்கள் வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தார்கள். வெறும் வயிற்றில் போனேன். மெக்கானிக் அருளப்பனும் என்னோடு வந்தார். அவர் மட்டும் சாப்பிட்டிருந்தார்.

கோயமுத்தூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாவது மாடி ஹாலில், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே கார் நின்றது. சிவப்பு. இரண்டு பேர்தான் உட்காரலாம்.

"பாருங்க, நல்லாப் பாருங்க" என்றார் வீட்டுக்காரர் நாச்சிமுத்து.

அருளப்பன் டார்ச்சோடு காருக்கு அடியில் புகுந்தார்.

"துரு இருக்குதா?" என்று கேட்டேன்.

"துரு இல்லீங்க. ஒரு ஆறு ஓடுது."

"ஒழுகுதா?"

"இல்லீங்க. அது பாட்டுக்கு ஓடுது."

மீட்டரைப் பார்த்தேன். கிலோமீட்டருக்குப் பதில் வியாழக்கிழமை என்று காட்டியது. அன்று செவ்வாய்.

"மீட்டரத் திருத்தியிருக்காங்க" என்றார் அருளப்பன்.

நாச்சிமுத்து மறுக்கவில்லை. ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

"இப்ப நீங்க உக்காருங்க. வண்டியும் உங்களப் பாக்கோணுமில்ல?"

நியாயமாகத்தான் பட்டது. உட்கார்ந்தேன். ஷாக் அப்சார்பரைச் சோதிப்பதுபோல் அவர் என் தோள்களை அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். இரண்டு தரம் குதித்தேன். ஒரு தரம்தான் குதிக்க வேண்டுமாம். பிறகு தலைமுடியை விலக்கிப் பார்த்தார்.

"மறுபடி பெயிண்ட் அடிச்சிருக்கு."

"போன மாசம்."

"அடிகிடி பட்டிருக்குதா?"

"ஒரு கல்யாணம்."

"தப்பு யாரு மேல?"

"என் மேல."

"அப்புறம் ஓடுச்சா?"

"ஆறு வருஷமா நின்னுட்டுதான் இருக்கேன்."

அருளப்பன் எல்லாவற்றையும் ஒரு விண்ணப்பத்தில் எழுதிக்கொண்டார். அவர் யார் பக்கம் என்று தெரியவில்லை.

"பழைய ஓனர் கையெழுத்து வேணுமுங்க" என்றார் நாச்சிமுத்து.

"காரோட ஓனரா?"

"உங்க ஓனர்."

சமையலறைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். அங்கே போகும் நடைவழி நீளத் தொடங்கியது. ஈரோடு வரை போனது. அதன் கடைசியில் ஒரு கதவு திறந்து செண்பகவல்லி வெளியே வந்தாள். என்னை விட்டுப் போனதிலிருந்து அவள் ஈரோட்டில்தான் இருக்கிறாள். நடந்து வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆனது. நாங்கள் காத்திருந்தோம்.

"சூடாகுமா?" என்று என்னைக் காட்டி அவளிடம் கேட்டார் நாச்சிமுத்து.

"ஆகாது."

"சத்தம்?"

"சத்தமே வராது. அதுதான் கோளாறு."

"அப்படியே எழுதிக்கட்டுங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கார் லிஃப்டுக்குள் போனது. கதவு திறந்ததும் அவிநாசி ரோடு. நல்ல வெயில். எல்லா சிக்னலும் பச்சை.

"பேசுங்க" என்றாள்.

"பிரேக் நல்லாயிருக்கு."

"வண்டியப் பத்திக் கேக்கல."

ஒரு மேம்பாலம் போனது. இன்னொன்றும் போனது.

"நீ போன அன்னிக்கு ஸ்டேஷனுக்கு வந்தேன்" என்றேன். "ரயில் நின்னுட்டுதான் இருந்தது. உன் ஜன்னல்கிட்ட வந்து நின்னேன். என்ன சொல்றதுன்னு தெரியல. தண்ணி பாட்டில் வாங்கிட்டுத் திரும்பிட்டேன்."

அவள் கியர் மாற்றினாள்.

கண்ணாடியில் நாச்சிமுத்துவும் அருளப்பனும் விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது. நன்றாகத்தான் ஓடினார்கள்.

"கையெழுத்துக் கேக்கறாங்க" என்றேன்.

"இன்னும் ஓட்டிப் பாக்கோணும்" என்றாள். "நீங்க சொல்லுங்க. அந்தத் தண்ணிய என்ன பண்ணுனீங்க?"