பாலக்கரையில் செருமிய வேன்

பங்குனி மாதத்து முதல் திங்கட்கிழமை காலை, காவிரிப் பாலத்தின் மேல், மலர்க்கொடியின் வேன் தொண்டையைச் செருமியது. ஏதோ சொல்லப்போகிற ஆளின் செருமல், ஒரே தடவை. உள்ளே இருந்த ஒன்பது பள்ளிப் பிள்ளைகளும் வாத்தியார் வந்துவிட்டார் என்று வாயை மூடிக்கொண்டார்கள். வண்டி அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாவது வாரம் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது, மலர்க்கொடிக்குப் பழகவில்லை. பாலக்கரையில் மெக்கானிக் பெனடிக்டின் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். "சொல்ல வந்ததச் சொல்லித் தொலைச்சா பரவால்லண்ணே. பாதியில நிறுத்திக்கிது. நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

பெனடிக்டின் காது திருச்சியில் பேர்போனது. நீள ஸ்குரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கேட்பார். இரும்பு வழியே வரும் சத்தம் காற்றில் கலையாது. நுனியை நகர்த்திக்கொண்டே போனால் எங்கே பலமாகக் கேட்கிறதோ அங்கே கோளாறு. எஞ்சினின் அடித்தண்டு இரண்டு சுற்று சுற்றினால்தான் மேலே வால்வு ஒரு தடவை திறக்கும்; ஆகவே மேலே தட்டுகிற சத்தம், கீழே இடிக்கிற சத்தத்தின் பாதி வேகத்தில் வரும். ஆக்சிலேட்டரை மிதித்தால் இரண்டும் வேகம் கூடும். இந்தச் செருமல் எந்தக் கணக்குக்கும் வரவில்லை. வால்வு இடைவெளியைச் சரிசெய்தார், பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப்பார்த்தார், சைலன்சர் இணைப்புகளை இறுக்கினார். எஞ்சினை நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்ட பிறகும் முன் சீட்டுக்கு அடியிலிருந்து வண்டி செருமியது.

நான்காம் நாள் மதியம் அவர் மனைவி சகாயம்மாள் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். செருமலைக் கேட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். "ஏங்க, சவரிநாதன் வந்திருக்காரா? தெரிஞ்சிருந்தா கூடக் கொஞ்சம் சோறு வச்சிருப்பேன்."

எதைச் சொல்லும் முன்பும் ஒரு தடவை செருமிக்கொள்வது, முன்பு அந்தப் பட்டறையில் இருந்த சவரிநாதனின் வழக்கம். பெனடிக்ட் சாப்பிடவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, ஆயில் சேம்பரின் மூலையில் அழுக்கைத் துடைத்தார். தன் வேலைக்கு அடையாளமாக அவரே உளியால் போட்ட மூன்று புள்ளிகள் இருந்தன. பல கை மாறி, பெயின்ட் மாறி வந்திருந்தாலும் அதே வேன்தான். சேம்பரைக் கழற்றிப் பார்த்தார். ஆயிலைத் தவிர ஒன்றுமில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன் அவர் வேலை செய்து அனுப்பிய அந்த வேன், கல்யாணப் பெண்ணோடு முசிறிக்குப் போகும் வழியில் நின்றுபோனது. பெண் பட்டுப்புடவையோடு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போய்ச் சேர்ந்தாள். சேம்பர் என்பது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி. அதிலிருந்து ஒரு குழாய் ஆயிலை உறிஞ்சி மேலே ஏற்றும். எஞ்சினுக்குத் தொண்டை என்று ஒன்று உண்டென்றால் அந்தக் குழாய்தான். அதன் வாயில் ஒரு பனியன் துணி அடைத்திருந்தது. சேம்பரைத் துடைத்ததும் துணியை மறந்ததும் பெனடிக்ட். பெண்ணின் அப்பா வந்து கேட்டபோது, தெருவே பார்த்திருக்க, கூட வேலை செய்த சவரிநாதனைக் கைகாட்டினார். சவரிநாதன் ஒரு வார்த்தை பேசாமல் ஸ்பேனரை வைத்துவிட்டுப் போனவன்தான். துவாக்குடியில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தான். அந்தப் பக்கம் வண்டி நின்றால் பெனடிக்ட் வேறு ஆளை அனுப்புவார். மாதாகோயிலில் பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்திலும் பொய்கள் சொன்னேன் என்று பன்மையில் ஒளித்துத்தான் சொல்லிவந்தார்.

மறுநாள் பஸ் ஏறித் துவாக்குடிக்குப் போய், லேத் பட்டறை வாசலில் ஒரு மணி நேரம் நின்று, சவரிநாதனை அழைத்துவந்தார். வேனின் பக்கத்தில் நின்று, டீக்கடைவரை கேட்கும்படி சொன்னார். "அன்னிக்குத் துணிய உள்ள விட்டது நான்தான். இவன் இல்ல."

யாரும் ஆச்சரியப்படவில்லை. டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்தக்கூட இல்லை. தெருவுக்கு அது எப்போதோ தெரியும் என்று பெனடிக்டுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சவரிநாதன் செருமினான். கூடவே வேனும் செருமியது.

"நீங்க பொய் சொன்னதுக்கு நான் செருமலண்ணே. அதுக்கு முந்தின நாளு, சேம்பர மூடுறப்பவே செருமினேன், துணி உள்ள கெடக்குன்னு சொல்லத்தான். நீங்க ஃபோன்ல யார்கிட்டயோ, என் காதுக்குத் தப்பி ஒரு சத்தம் போகாதுன்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க. சும்மா இருன்னு கையக் காட்டினீங்க. நானும் விட்டுட்டேன். அது என் தப்பு."

பெனடிக்ட் கையிலிருந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார்.

இருவரும் ஆயிலை வடித்துச் சேம்பரை இறக்கினார்கள். முந்தின நாள் ஒன்றுமில்லாத இடத்தில், குழாயின் வாயில், பனியன் துணி இருந்தது. ஒரு சொட்டு ஆயில்கூட அதில் ஒட்டவில்லை. சவரிநாதன் அதை உருவித் தோளில் போட்டுக்கொண்டான். திரும்ப மூடப்போகையில் அவன் செருமினான். பெனடிக்டின் கை நின்றது.

"கேஸ்கெட்டத் திருப்பி வச்சிருக்கீங்கண்ணே."

ஆயில் கசியாமலிருக்க இடையில் வைக்கும் அந்தப் பட்டையைச் சரியாக மாற்றி வைத்து மூடினார்கள். சாயங்காலம் மலர்க்கொடி ஸ்ரீரங்கம்வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தாள். பாலத்தில் காற்றுச் சத்தம்தான் கேட்டது என்றாள். வேலைச் சீட்டில் பெனடிக்ட் எழுதினார்: சேம்பரில் துணி. விட்டது பெனடிக்ட். எடுத்தது சவரிநாதன். சத்தம் நின்றுவிட்டது.